படுக்கைதான் எமன்!

"அம்மாடி... கொஞ்சம் இங்கே வாயேன்!"

கொல்லைப்புறத்திலிருந்து அத்தையின் குரல். கூப்பிட்ட தினுசிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பாசி வழுக்கி, இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார் என் மாமியார். அது 2023-ம் வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அத்தைக்கு அப்போது 74 வயது.

அதே வருஷம் ஐப்பசி மழையில் இன்னொருவரும் விழுந்தார். எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் இருபது வருஷத்துக்கு மேல் பூக்கட்டி விற்ற ஆயா. அத்தைக்கும் அவருக்கும் ஒன்றிரண்டு வயதுதான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் உடைந்ததும் அதே இடத்து எலும்புதான்.

இன்றைக்கு அத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்கிறார். பூக்கார ஆயா இல்லை. விழுந்த நாலாம் மாதத்துக்குள் போய்விட்டார்.

ஒரே ஊர், ஒரே வயது, ஒரே எலும்பு. அப்படியிருக்க ஒருவர் எழுந்து நடமாடுவதும், இன்னொருவர் போய்ச் சேர்வதும் எதனால்? "தலைவிதி" என்று நானும் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டு வீட்டிலும் நடந்ததைக் கிட்ட இருந்து பார்த்தவள் நான். எங்கள் வீட்டுப் பரண்மேல் கிடந்த ஒரு நாற்காலிக்கும் இதில் பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தைலம் வேண்டாம்!

அத்தை விழுந்த சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். "சுளுக்காத்தான் இருக்கும். தைலம் தேய்ச்சு வெந்நீர் ஒத்தடம் கொடு" என்றார் ஒருவர். "காலை நீவி இழுத்து விட்டா சரியாயிடும்" என்றார் இன்னொருவர். நானும் தைலப் புட்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.

நல்லகாலம், நர்ஸிங் படிக்கும் என் மகள் அன்று லீவில் வீட்டில் இருந்தாள். பாட்டியின் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அம்மா, இடது கால் கட்டையாத் தெரியுது பாரு. பாதமும் வெளிப்பக்கமா திரும்பிக்கிச்சு. யாரும் தேய்க்காதீங்க, இழுக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணு!" என்றாள்.

ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அத்தையை உட்கார வைக்கவில்லை, எழுப்பிப் பார்க்கவும் இல்லை. இரண்டு காலுக்கும் நடுவே ஒரு தலையணை, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தலையணை வைத்து, கால் அசையாமல் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான் செய்தோம். 2008-ம் வருஷத்திலிருந்து நம் தமிழ்நாட்டில் ஓடுகிற அந்த இலவச வண்டி எத்தனை பெரிய ஒத்தாசை என்பது அவசரத்துக்குக் கூப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் விளக்கமாகச் சொன்னார். நாம் "இடுப்பெலும்பு உடைஞ்சுபோச்சு" என்கிறோமே, உண்மையில் உடைவது தொடை எலும்பின் மேல்முனையாம். இடுப்பில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். தொடை எலும்பின் தலை பந்து மாதிரி அதில் உட்கார்ந்திருக்கிறது. பந்துக்குக் கீழே இருக்கிற கழுத்து உடைந்தால், பல பேருக்குப் பந்துக்குப் போகிற ரத்த ஓட்டமே நின்றுபோகும். அதனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துகிறார்கள். கழுத்துக்கும் கீழே உடைந்தால் கம்பியோ பிளேட்டோ வைத்து முடுக்குகிறார்கள்.

"கட்டுப் போட்டால் கூடாதா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"கையெலும்பு மாதிரி இதை வெளியே இருந்து கட்டிப் பிடிக்க முடியாதுங்க. எலும்பு ஆழத்திலே இருக்கு. சுத்தியிருக்கிற பெரிய தசை எல்லாம் உடைஞ்ச துண்டை மேலே இழுத்துக்கிட்டே இருக்கும். அதனாலேதான் கால் கட்டையாத் தெரியுது. மூங்கில் வச்சுக் கட்டினாலும் மாவுக்கட்டு போட்டாலும் அந்த இழுப்பு நிக்காது."

"இல்லே... இந்த வயசிலே அம்மாவுக்கு ஆபரேஷன் தாங்குமா?"

டாக்டர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். "ஆபரேஷன் தாங்குமான்னு எல்லாரும் கேக்கறீங்க. படுக்கை தாங்குமான்னு யாருமே கேக்கறதில்லை" என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் புத்தியில் ஆணி அடித்த மாதிரி ஆகிவிட்டது.

படுக்கை என்ன செய்யும்?

நான் மூன்றாவது படிக்கும்போது என் அம்மாவைப் பெற்ற பாட்டி இப்படித்தான் விழுந்தார். காலுக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து, திண்ணையை ஒட்டிய அறையில் படுக்க வைத்தார்கள். "அசையாமல் கிடந்தால் கூடிவிடும்" என்றார்கள். பாட்டி அசையவே இல்லை. இரண்டு மாதத்தில் முதுகெல்லாம் புண். பிறகு சளி, ஜுரம். ஒருநாள் விடியற்காலை போய்விட்டார். "வயசாயிடுச்சு, காலம் முடிஞ்சுது" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். காலால் வந்த வினை என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் இந்த டாக்டர் சொல்லித்தான் புரிந்தது.

வயதானவர்கள் மல்லாந்து படுத்தே கிடந்தால் நுரையீரல் முழுசாக விரியாது. சளி கட்டி நிமோனியா வரும். கால் அசையாததால் ரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நிமிஷத்தில் உயிர் போகும். ஒரே இடம் அழுந்துவதால் பிட்டத்திலும் குதிகாலிலும் புண் வரும். சிறுநீர்த் தாரையில் கிருமி சேரும். சாப்பாடு பிடிக்காது, தசை நாளுக்கு நாள் வற்றும். எலும்பு உடைந்ததால் நேரே சாகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். எழுந்திருக்க முடியாமல் கிடந்து, அதனால் வருகிற உபாதைகளில் சாகிறவர்கள்தான் அதிகம்.

பல நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், இந்த எலும்பு முறிந்த முதியவர்களில் 100-க்கு 20 முதல் 30 பேர் வரை ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று என் மகள் பாடத்தில் படித்துச் சொன்னாள். அதிலும் முதல் சில மாதங்கள்தான் கண்டம். பிழைத்தவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பழைய நடை திரும்புவதில்லையாம். ஆபரேஷன் செய்யாமல் படுக்கையிலேயே கிடந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அதனால்தான் சீக்கிரம் ஆபரேஷன், சீக்கிரம் நடை என்று டாக்டர்கள் அவசரப்படுகிறார்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும் என்று விதியே இருக்கிறதாம்.

அத்தைக்கு சர்க்கரை, ரத்தம், ஈ.ஸி.ஜி. எல்லாம் பார்த்து வியாழக்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. அன்று ராத்திரி அத்தை, என்றைக்கோ செத்துப்போன தன் தங்கையைக் கூப்பிட்டுப் புலம்பினார். என் கணவர் பயந்தேபோனார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிப் புத்தி தடுமாறுவது உண்டு, தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் நர்ஸ். அத்தையின் கண்ணாடியை மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளில் தெளிந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையே பிசியோதெரபி செய்கிற பெண் வந்து, "பாட்டிம்மா, எழுந்து நில்லுங்க பார்ப்போம்" என்றாள். "பாவி, நேத்துத்தானே அறுத்தீங்க!" என்று அத்தை சத்தம் போட்டார். ஆனாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அழுதுகொண்டே மூன்று எட்டு வைத்தார். அந்த மூன்று எட்டுதான் அவரை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குப் பணம் கட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு என்னென்ன வேண்டியிருந்தது தெரியுமா? வாக்கர், கமோடு சேர், தினம் முட்டை, பால், பருப்பு. மறுபடி காட்டப் போக ஆட்டோ. கணவருக்குப் பத்து நாள் லீவு. அப்புறம் குளியலறையில் உட்கார்ந்து போகிற கக்கூஸ் கட்டினோம், கமோடு சேர் பரண் ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலே, நாள் முழுக்க வீட்டில் நான். எழுப்ப, நடக்க வைக்க, மூத்திரத்துக்குக் கொண்டுபோக, கூப்பிட்ட குரலுக்கு ஓட. நான் சம்பாதிக்காதவள் என்று எத்தனையோ நாள் குறைப்பட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு ஆள் இருப்பது எத்தனை பெரிய சொத்து என்று ஆயாவின் வீட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பூக்கூடை காலியாகக் கிடந்தது

ஐப்பசியில் அடைமழை. நாலைந்து நாளாகக் கோயில் வாசலில் ஆயாவைக் காணோம். "மழைக்கு வரலை போலிருக்கு" என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் ஆயிற்று. "ஊருக்குப் போயிருப்பாங்க" என்று வேறொருவரிடம் பூ வாங்கினேன். இருபது வருஷம் என் தலைக்குப் பூக்கொடுத்தவர் எங்கே என்று நான் விசாரிக்கவே இல்லை.

பத்தாம் நாள் போல ரேஷன் கடை வரிசையில் ஆயாவின் மகளைப் பார்த்தேன். "அம்மா வழுக்கி விழுந்துட்டாங்கக்கா. கட்டுப் போட்டிருக்கு. படுத்தேதான் கிடக்காங்க" என்றாள். அடடா என்று சொல்லி 200 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் வீணாக இருந்த தைலத்தையும் கொண்டுபோகச் சொன்னேன். ஆமாம், அத்தைக்குத் தேய்க்கக் கூடாது என்று என் மகள் தடுத்தாளே, அதே புட்டிதான்!

சாயங்காலம் பேச்சுவாக்கில் அத்தையிடம் சொன்னேன். கையிலிருந்த தம்ளரை டக்கென்று கீழே வைத்தார்.

"கால் கட்டையா இருக்கான்னு கேட்டியா?"

"கேக்கலையே அத்தே..."

"மூணு மாசம் என்கூடவே கிடந்தியே! அதைக்கூடவா கேக்கலே?"

மறுநாள் கைத்தடியோடு அத்தையும் ஆட்டோவில் கிளம்பிவிட்டார். ஒரே அறை, தகரக் கூரை. தரையில் பாயில் கிடந்தார் ஆயா. இடது கால் கட்டையாகத்தான் இருந்தது. பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. முழங்காலுக்கு மேலே மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

என்ன நடந்தது என்று மகள் சொன்னாள். விழுந்த மறுநாள் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். "பிளேட் வைக்கணும், ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்துவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் பிளேட்டுக்குக் காசு கேட்பார்கள் என்று யாரோ சொல்ல, அங்கே போகவே இல்லை. காப்பீட்டு அட்டையும் எடுத்து வைக்கவில்லை. 500 ரூபாயில் கட்டு முடிந்துவிட்டது.

என் கணவர் ஆளும் பேருமாக அலைந்து, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எல்லாம் சேர்த்து அட்டை வாங்கிக் கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் ஆயாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது விழுந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அதற்குள் முதுகில் புண் தொடங்கிவிட்டது, உடம்பு பாதியாகிவிட்டது. இருந்தாலும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு பைசா செலவில்லை. "பொழச்சுட்டாங்க" என்று நிம்மதியாக நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

"தண்ணி குடிச்சா எழுந்திருக்கணுமே..."

ஆயாவின் மகள் ஓட்டல் சமையல்கட்டில் வேலை செய்கிறாள். போனால்தான் கூலி. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்ததில் மூன்று வாரக் கூலி ஏற்கெனவே போயிருந்தது. அதனால் அம்மாவைக் கொண்டுவந்து விட்ட மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஐந்து மணி. தலைமாட்டில் ஒரு தூக்கில் கஞ்சி, ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாடகைக்கும் அரிசிக்கும் அவள் கூலிதான். ஆயாவின் முதியோர் பென்ஷன் அப்போது மாதம் 1,200 ரூபாய்.

கக்கூஸ், தெருவைத் தாண்டி நாலு குடித்தனத்துக்கும் பொது. இரண்டு படி ஏறி, குந்தி உட்கார வேண்டும். வாக்கரைக் கொடுத்திருந்தோம். ஆனால் அந்தப் படியில் வாக்கர் ஏறுமா?

மார்கழியில் ஒருநாள் பார்க்கப் போனேன். சொம்பில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. "ஏன் ஆயா குடிக்கலே?" என்றேன்.

"தண்ணி குடிச்சா எழுந்திருக்கணுமே தாயி. யாரு தூக்கிவிடுவா? அவ வந்த பொறவு குடிச்சுக்கறேன்."

கஞ்சியையும் அப்படித்தான் பாதி வயிறாக நிறுத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்தால் உடம்பு எப்படித் தேறும்? புண் எப்படி ஆறும்? டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து எங்கே போவது? அந்தப் படிவரைக்கும்தானே!

தை மாதம் குளிர்ஜுரம் வந்தது. சிறுநீரில் கிருமி என்றார்கள். பிறகு நெஞ்சுச் சளி. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஐந்தாம் நாள் ஆயா போய்விட்டார்.

துக்கம் கேட்டுவிட்டு வந்து, எதையோ எடுக்கப் பரணில் ஏறினேன். துணி சுற்றி வைத்திருந்த கமோடு சேர் கண்ணில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வாக்கரைக் கொடுத்தவள், இதை ஏன் கொடுக்கவில்லை? மறந்துபோகவில்லை, சகோதரிகளே! ஞாபகம் இருந்தது. "நாம உபயோகிச்ச கக்கூஸ் நாற்காலியை எப்படிப் பிறத்தியாருக்குக் கொடுக்கிறது? தப்பா நினைச்சுக்குவாங்களோ" என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தில் மூன்று மாதம் அது பரணில் கிடந்தது. அது பாய்க்குப் பக்கத்தில் இருந்திருந்தால் ஆயா சொம்புத் தண்ணீரைக் குடித்திருப்பார். நாற்காலி இருந்தால் மட்டும் பிழைத்திருப்பாரா? பதினாறு நாள் தாமதமே பெரிய கேடு. ஆனாலும் என் மனசு ஆறவில்லை.

வைத்தியம் எல்லாருக்கும் இலவசமாக இருக்கும் இங்கிலாந்தில்கூட, ஏழ்மையான பகுதிகளிலிருந்து வருகிறவர்கள்தான் இந்த எலும்பு முறிவுக்குப் பிறகு அதிகமாக இறக்கிறார்களாம். என் மகள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆபரேஷனை இலவசமாகக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு எழுப்பி நடக்க வைக்க ஒரு ஆளும், நல்ல சாப்பாடும், எட்டிப்போகிற தூரத்தில் ஒரு கக்கூஸும் வேண்டுமே! ஆனால் மனம் வைத்தால் மாற்றவும் முடியும். அதே இங்கிலாந்தில் 2007-ல் இப்படி வந்தவர்களில் 100-க்கு 11 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். நோயாளிகளின் கணக்கை எழுதிவைத்து, ஆபரேஷன் சீக்கிரம் நடந்ததா, முதியோர் டாக்டர் பார்த்தாரா என்று கவனிக்கத் தொடங்கினார்கள். 2011-ல் அது எட்டரைக்கு இறங்கிவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

இரண்டு வீட்டிலும் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. பெரியவர்கள் விழுந்து, எழுந்து நிற்க முடியவில்லை, தொடை இடுக்கில் வலி, கால் கட்டை, பாதம் வெளியே திரும்பியிருக்கிறது என்றால் எலும்பு முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்காதீர்கள், இழுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சில பேர் உடைந்த காலோடு நொண்டி நடப்பதும் உண்டு. வலி போகவில்லையென்றால் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும்.

2. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செலவைக் கேட்டுப் பயந்து வீட்டுக்குத் திரும்பாதீர்கள். சாப்பிடுகிற மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது. உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டை எடுத்து வையுங்கள். வீட்டில் வேலை செய்கிறவர்கள், பூக்காரர், காய்கறிக்காரர் எல்லாரிடமும், "அட்டை இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் காப்பீடு தரும் திட்டத்தை மத்திய அரசும் 2024 அக்டோபரில் தொடங்கியது. அதையும் விசாரியுங்கள்.

4. டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "ஆபரேஷன் எந்த நாள்? எப்போது உட்கார வைக்கலாம்? எப்போது நிற்க வைக்கலாம்? எப்படி உட்காரக் கூடாது?" பந்து மாற்றியவர்கள் கொஞ்ச காலம் குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது கூடாது என்பார்கள்.

5. வீட்டுக்கு வந்ததும் படுக்கையில் விடாதீர்கள். சாப்பாடு மூன்று வேளையும் நாற்காலியில். மணிக்கு ஒரு தடவை பத்து முறை மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லுங்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிவிடுங்கள். தோல் சிவந்திருக்கிறதா என்று தினம் பாருங்கள்.

6. வெறும் கஞ்சி போதாது. முட்டை, பருப்பு, பயறு, மீன், பால், நிலக்கடலை என்று எது கிடைக்கிறதோ அதில் இரண்டாவது தினம் சேரட்டும். பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கிப் போகிறோம். அதைவிட ஒரு டஜன் முட்டை மேல்!

7. கமோடு சேர் வாங்க முடியாவிட்டால், கெட்டியான பழைய மர நாற்காலியில் தச்சரை விட்டு ஓட்டை போட்டு, அடியில் பக்கெட் வையுங்கள். படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

8. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி சொல்லிக் கொடுக்க வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஆயா விஷயத்தில் இது எங்களுக்குத் தெரியவந்தபோது தை பிறந்துவிட்டது.

9. ஒரு முறை உடைந்தவருக்கு மறுபடி உடைகிற அபாயம் அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலிந்துகொண்டே போகிறது. சும்மா நின்ற நிலையில் விழுந்தே உடைகிறது என்றால் மெலிவு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மாத்திரையும் உண்டு, வருஷத்துக்கு ஒரு முறை போடுகிற ஊசியும் உண்டு. டாக்டரைக் கேளுங்கள்.

10. விழாமல் காப்பது எல்லாவற்றிலும் சுலபம். கொல்லையில் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். ராத்திரி கக்கூஸ் போகிற வழியில் சின்ன விளக்கு எரியட்டும். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதியுங்கள். கண்ணில் புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிட்டுத் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆயாவின் மகளிடமிருந்து வாக்கரைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. அவளே ஒருநாள் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். "வேற யாருக்காவது ஆகும்க்கா" என்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் அவள்தான் பூக்கட்டுகிறாள்.

பரணில் இருந்த நாற்காலியை இறக்கி, பினாயில் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். எங்கள் தெருவிலும் பின் தெருவிலும் சொல்லி வைத்தோம். கேட்பதற்கு யாரும் கூச்சப்படவில்லை. கொடுப்பதற்கு நான்தான் கூச்சப்பட்டிருக்கிறேன்! வாக்கரும் நாற்காலியும் இதுவரை மூன்று வீடு போய்விட்டன. இப்போது இருப்பது ஒரு தையற்காரரின் தாயார் வீட்டில். விழுந்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள். அந்த அம்மாள் வாசல்வரை நடக்கிறார்.

வாரம் ஒரு தடவையாவது கீரையை ஆய்ந்துகொண்டே அத்தை என்னைக் கேட்கிறார்:

"ஏம்மா, நாற்காலி இப்போ யார் வீட்டிலே இருக்கு? போய்ப் பார்த்தியா? அந்த அம்மா நல்லாத் தண்ணி குடிக்குதா?"